கச்சானுக்கு வெளிறாத நிறம்: செவ்வரத்தைக் கேள்வி பதில்

திருகோணமலையில் செவ்வரத்தை (செம்பருத்தி) வளர்க்கும் சிலர் அவ்வப்போது கூடிக் கன்றும் கொப்பும் மாற்றிக்கொள்கிறோம். இம்முறை வந்தவர்கள் கேட்டதெல்லாம் நிறத்தைப் பற்றியே. பதினைந்து வருடமாக விதை போட்டுப் பார்ப்பவள் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

உப்புவெளியிலிருந்து: ரீச்சர், வேலியில் நிற்கும் சிவப்புக்கு வெள்ளையின் மகரந்தத்தை வைத்தால் இளஞ்சிவப்பு வருமா?

முதலில் காய் வர வேண்டுமே! வேலிச் சிவப்பு விதை பிடிப்பது மிக அரிது. அதைத் தாயாக வைத்து நான் இரண்டு வருடம் வீணாக்கினேன். காய் பிடிக்கும் வேறொன்றைத் தேடிக்கொள்ளுங்கள். அப்படிக் காய்த்தாலும் இளஞ்சிவப்புத்தான் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் எப்போதும் சிவக்கும். பூவில் அந்தக் கணக்கு நடக்காது. இன்றைய செவ்வரத்தைகள் பல இனங்கள் பல தலைமுறையாகக் கலந்து வந்தவை. நிறமூர்த்தங்களின் (குரோமோசோம்களின்) எண்ணிக்கைகூட ரகத்துக்கு ரகம் மாறும். ஒரே காயில் எடுத்த பன்னிரண்டு விதைகள் எனக்குப் பன்னிரண்டு விதமாகப் பூத்தன. அவற்றில் பத்து, பார்க்கச் சகிக்காதவை.

தம்பலகாமத்திலிருந்து: மகரந்தம் வைக்கிறேன், காய் நிற்பதில்லை. இரண்டே நாளில் மஞ்சளாகி விழுகிறது.

எந்த மாதத்தில் வைத்தீர்கள் என்று சொல்லவில்லை. ஆடியில் வைத்திருந்தால் பூவின் மேல் குற்றமில்லை. கடும் வெக்கையில் மகரந்தம் வலுவிழக்கும், பிடித்த பிஞ்சும் உதிரும். மாரி மழை கொட்டும்போதும் வேண்டாம்; நனைந்த மகரந்தம் உதவாது. நம்முடைய ஊருக்குத் தை, மாசிதான் காலம்.

காலையில் விரிந்த பூவை எடுங்கள். நடுத்தண்டின் நுனியில் வெல்வெட்டுப் போன்ற ஐந்து சிறு குமிழ்கள் இருக்கும், அவைதான் குறி. அதற்குக் கீழே சுற்றிலும் நிற்கும் கேசரங்களிலிருந்து மஞ்சள் தூள் கையில் ஒட்டினால் மகரந்தம் தயார். தகப்பன் பூவைப் பறித்து வந்து ஐந்து குமிழிலும் மெல்லத் தடவுங்கள். தாய்ப்பூவின் சொந்தத் தூள் முந்திக்கொள்ளாமல், அதன் கேசரங்களை முன்பே கிள்ளிவிடுவது நல்லது. பூ உதிர்ந்த பிறகும் புல்லி பச்சையாகவே நின்றால் நம்பிக்கை வைக்கலாம். முற்ற இரண்டு மாதம்வரை ஆகும். காய் பழுப்பாகும் சமயத்தில் வலைத்துணியால் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் வெடித்து, இரண்டு மாதக் காத்திருப்பு எறும்புக்குப் போகும். விதையின் தோலைச் சிறிது கீறி ஊறவைத்தால் முளைப்பு சீக்கிரம். முதல் பூவுக்கு ஒரு வருடம், சிலவேளை இரண்டு.

தாய், தகப்பன் பெயர்களைத் துண்டில் எழுதிக் கட்டுங்கள். தாயின் பெயர் முதலில். பென்சிலால் எழுதுங்கள். நான் பேனாவால் எழுதி, ஒரே மாரியில் நாற்பது கன்றுகளை அநாதைகளாக்கினேன்.

ஓர்ஸ்ஹில்லிலிருந்து: என்னிடம் ஒரு கன்று தையில் கோப்பி நிறத்தில் பூத்தது. ஆனியில் அதே செடி செம்மஞ்சளாகப் பூக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை, நல்ல கன்றைத்தான் தந்திருக்கிறார்கள். செவ்வரத்தை இதழில் இரண்டு வகைச் சாயம் உண்டு. மஞ்சளும் செம்மஞ்சளும் தருவது கரோட்டினாய்ட்; அது கலத்துக்குள் சிறு மணிகளில் தங்கியிருக்கும். சிவப்பும் ஊதாவும் தருவது அந்தோசயனின். அது கலத்தின் சாற்றில் கரைந்திருக்கும். மஞ்சளுக்கு மேல் ஊதா படிந்தால் நம் கண்ணுக்குக் கோப்பி நிறம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெக்கை ஏற ஏற அந்தோசயனின் குறையும். மேல்பூச்சு போனால் அடியில் இருக்கும் மஞ்சள்தானே தெரியும்?

(கச்சான் என்றதும் கோணேசர் கோயில் வாசலில் விற்கும் கச்சான் கடலையை நினைத்துச் சிரித்த பிள்ளைகளுக்கு: இது காற்று.)

ஆகவே, படத்தில் பார்த்த நிறத்தை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். குளிர்ந்த ஊரில் எடுத்த படம் நிலாவெளி வெயிலுக்குப் பொறுப்பேற்காது. எனக்குப் பிடித்தவை ஆடி மாதத்திலும் தங்கள் நிறத்தை விடாத செடிகள். விதைக்குத் தாயாகவும் தகப்பனாகவும் அவற்றையே எடுக்கிறேன். தையில் மட்டும் அழகு காட்டுபவற்றை அயலவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன், அவர்களும் சந்தோஷப்படுகிறார்கள்.

கிண்ணியாவிலிருந்து: டீச்சர், நீலம் வேண்டும். சங்குப்பூவின் மகரந்தத்தை வைத்தால்?

சங்குப்பூ அவரைக் குடும்பம். செவ்வரத்தை பருத்தியும் வெண்டியும் இருக்கும் குடும்பம். ஒட்டாது. சங்குப்பூவின் நீலத்துக்கு அடிப்படை டெல்பினிடின் என்ற சாயம். அந்த நீலம் செவ்வரத்தையில் நமக்குக் கிடைப்பதில்லை. கிடைப்பது சாம்பல் கலந்த ஊதா. ரோசாவுக்கும் இதே குறைதான். ஜப்பானின் சன்டோரி நிறுவனம் வேறு பூவின் மரபணுவைப் புகுத்தி 2009இல் ஒரு நீல ரோசாவை விற்பனைக்கு விட்டது. அதுவும் என் கண்ணுக்கு இளம் ஊதாதான்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: சாடியில் துருப்பிடித்த ஆணி புதைத்தால் நிறம் மாறுமாமே?

மாறாது. நுவரெலியாவில் ஐதரேஞ்சியா நீலமாவது புளிப்பு மண்ணில் வேர் உறிஞ்சும் அலுமினியத்தால். ஆணிக்கு அதில் பங்கில்லை.

கோட்டைப் பக்கத்திலிருந்து: மான்கள் துளிரை விடுவதில்லை.

மானுக்குக் கோப்பி நிறமும் ஒன்றுதான், வேலிச் சிவப்பும் ஒன்றுதான். ஆளுயரத்துக்குக் கம்பிவலை அடியுங்கள். வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

சாம்பல்தீவிலிருந்து: கண்டியிலிருந்து டேலிலி என்ற பூச்செடியின் கிழங்கு கொண்டுவந்தேன். கொல்கிசின் கொடுத்தால் புது நிறம் வருமென்கிறார்கள். கார்த்திகைப்பூக் கிழங்கில் அது இருக்கிறதாமே, அரைத்து ஊறவைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். இருக்கிறது என்பது உண்மை. அதே காரணத்தால்தான் அந்தக் கிழங்கைத் தெரியாமல் உண்டவர்கள் இறந்திருக்கிறார்கள். நஞ்சை முறிக்க மருந்தும் இல்லை. சமையல் பாத்திரம் இருக்கும் வீட்டில் அந்த விளையாட்டு கூடாது.

கொல்கிசின் நிறத்தைத் தருவதுமில்லை. டேலிலியின் 22 நிறமூர்த்தங்களை அது 44 ஆக்கும். அப்படி ஆக்கியவற்றைத் தங்களுக்குள் கலந்து கலந்துதான் பிற நாடுகளில் கருஞ்சிவப்பும் சரிகை ஓரமும் எடுத்தார்கள். 22ஐயும் 44ஐயும் கலந்தால் பெரும்பாலும் விதை வராது. உங்கள் கிழங்கு குளிரில் இலையுதிர்த்து உறங்கும் வகையாக இருந்தால் இங்கே பூப்பதே சந்தேகம். இலை எப்போதும் பச்சையாக நிற்கும் வகை என்றால் பாதி நிழலில் வைத்துப் பாருங்கள்.

மூதூரிலிருந்து: என் விதைக்கன்று முதல் முறையாகப் பூத்திருக்கிறது. சாம்பல் ஓரம், நடுவில் இரத்தச் சிவப்பு. பெயர் வைக்கலாமா?

பொறுங்கள். முதல் பூ பெரும்பாலும் சிறுத்திருக்கும், நிறமும் நிலைக்காது. இரண்டு கொப்பை வெட்டி வேலிச் சிவப்பில் ஆப்பு ஒட்டாக வையுங்கள். விதை தராத அந்தச் சிவப்பு, வேர் கொடுப்பதில் கெட்டிக்காரி. ஒரு மாரியும் ஒரு கச்சானும் கடக்கட்டும். ஆடியில் காலை ஏழு மணிக்கு ஒரு படம், பின்னேரம் நான்குக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒரு கொப்பும் கொண்டுவந்தால் நல்லது, எனக்கு.