மலைச் சைக்கிள் கேள்வி-பதில்: கோடு போடும் முன் ஆளைக் கேளுங்கள்

புதிதாக மலைச் சைக்கிள் வாங்கியிருக்கிறேன். யானைமலை உச்சிக்கு ஓட்டலாமா?
– ஒத்தக்கடை வாசகர்

கூடாது. அது முழுக்கப் பாறை. அடிவாரத்து மண்பாதையே உங்களுக்கு ஆறு மாதத்துக்குப் போதும்.

எங்கே பழகுவது? அருகில் மலைப்பாதை எதுவும் தெரியவில்லை.
– திருநகர் வாசகர்

மலையை ஏன் தேடுகிறீர்கள்? கண்மாய்க்கரைக்குப் போங்கள். கரைமேல் ஏறும் சரிவு, மடை அருகே குறுகும் தடம், கலுங்கின் கற்கள் என்று பழக வேண்டியதெல்லாம் அங்கே இருக்கிறது. பிறகு நாகமலை அடிவாரத்து வண்டிப்பாதைகள். தலைக்கவசமும் இரண்டு லிட்டர் தண்ணீரும் கட்டாயம்.

வாரம் இரண்டு பஞ்சர். என்ன செய்வது?
– மேலூர் வாசகர்

டயர் அகலம், உங்கள் எடை, டியூப் உண்டா இல்லையா, எதையுமே எழுதாமல் கேட்டால் எப்படி? 2.2 அங்குல டயர், 70 கிலோ ஆள் என்று வைத்துக்கொள்கிறேன்: காற்றழுத்தம் 30 பி.எஸ்.ஐ. போதும். சீமைக்கருவேல முள்ளின் நுனி ஒடிந்து டயருக்குள் தங்கிவிடும். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் அதுவும் போகும். டயரின் உட்புறத்தைப் பழந்துணியால் துடையுங்கள், முள் துணியில் மாட்டும். டியூப்லெஸ்ஸுக்கு மாறி, ஓட்டையைத் தானே அடைக்கும் சீலண்ட் திரவத்தை ஊற்றினால் இன்னும் நல்லது.

யாரோ பதிவேற்றிய ஜிபிஎஸ் தடத்தை நம்பிப் போய் முள்வேலி முன் நின்றேன். வரைபடம் தவறா?
– உசிலம்பட்டி வாசகர்

வேலி சரி, கோடுதான் தவறு. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. அரிட்டாபட்டிப் பக்கம் இப்படி ஒரு கோட்டைத் தொடர்ந்து போய், பூ விட்டிருந்த நிலக்கடலைக்கு நடுவே நின்றேன். செடிகளின் மேல் எனக்கு முன்னால் போனவர்களின் டயர்த் தடம் மூன்று வரிசை. நிலத்துக்காரர் திட்டவில்லை, "பாதை அந்தப் பக்கம்தானே தம்பி" என்று வரப்பைக் காட்டினார். அறுவடை முடிந்த வயலில் ஒருவர் ஒருநாள் ஓட்டியதைப் பாதை என்று பதிவேற்றியதால் வந்த வினை அது.

நீங்களே ஒரு தடத்தை வரைவதாக இருந்தால் முதலில் செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். பிறகு இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம்: உயரக் கோடுகள் நெருங்கும் இடம் செங்குத்து, அங்கே சைக்கிளைத் தள்ளத்தான் வேண்டும். சந்தேகம் வந்தால் புல எண்ணை வைத்து, பட்டாவா புறம்போக்கா என்று வருவாய்த் துறை இணையதளத்தில் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆடு மேய்ப்பவரைக் கேளுங்கள். போக ஒரு முறை, வர ஒரு முறை பதிவு செய்யுங்கள். கைப்பேசி ஐந்து பத்து மீட்டர் பிசகும், பாறைச் சுவர் அருகே இன்னும் கூடும். யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வண்டிப்பாதை வேறு, ஒற்றையடிப் பாதை வேறு. கடினத்துக்கு 0 முதல் 6 வரை எண் உண்டு. தொடக்கக்காரருக்கு 0, 1 போதும். பட்டா நிலத்துக்குள் போகும் தடத்தைப் பதிவேற்றவே வேண்டாம்.

வழி தெரிய, பாறைகளில் பெயிண்டால் அம்புக்குறி போடலாமா?
– மதுரை வாசகர்

போடவே கூடாது! 2,000 ஆண்டு கடந்த தமிழி (தமிழ் பிராமி) எழுத்து இந்தப் பக்கத்துப் பாறைகளில்தான் இருக்கிறது.

அழகர்மலைக் காட்டுக்குள் ஓட்டலாமா?
– நத்தம் வாசகர்

வனத்துறை எழுத்தில் அனுமதி தந்தால் மட்டும்.

ஐப்பசியில் திருமங்கலம் பக்கம் போகலாமா?
– விருதுநகர் வாசகர்

மழை விட்டு நான்கு நாள் பொறுங்கள். ஈரக் கரிசல் அரை கிலோமீட்டரில் சக்கரத்தைச் சுற்ற விடாமல் அப்பிக்கொள்ளும். சைக்கிளைத் தோளில்தான் சுமந்து வருவீர்கள்.