முதல் அரசர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

குரூப் 1 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆற்றுநீரைப் பங்கிடவும் கால்வாய் வெட்டவும் ஒரு தலைமை தேவைப்பட்டது, அப்படித்தான் சுமேரியாவிலும் எகிப்திலும் அரசு பிறந்தது என்று பயிற்சி வகுப்பில் குறிப்பு கொடுத்தார்கள். மக்கள் தாங்களாகவே ஒருவனை அரசனாக ஏற்றுக்கொண்டார்களா? சிந்துவெளியில் அரசன் இல்லை என்பது உண்மையா? அனுன்னாகி என்ற வேற்றுலகத்தவர்தான் சுமேரியர்களுக்கு அரசாட்சியைக் கற்றுக்கொடுத்ததாக ஒரு யூடியூப் காணொளியில் சொல்கிறார்கள். இன்றைய அரசியலைப் பார்த்தால் நல்ல அரசன் ஒருவன் இருந்தால் போதும் என்றும் தோன்றுகிறது.

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் சுமேரியாவின் உருக் நகரத்தின் மண்கிண்ணங்களைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் அந்த அனுன்னாகியை விட்டுத் தொலையுங்கள். அவர்கள் சுமேரியர் கும்பிட்ட தெய்வங்கள், அவ்வளவுதான். களிமண் பிசைந்து, செங்கல் அறுத்து, வெயிலில் நகரம் எழுப்பிய மனிதர்களின் உழைப்பைப் பிடுங்கி விண்கலத்துக்குக் கொடுக்கும் பேச்சு அது. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை இதற்கு நேரம் செலவழிப்பது எனக்கு உண்மையிலேயே கோபத்தைத் தருகிறது. சிந்துவெளியைப் பொறுத்தவரை, இதுதான் அரண்மனை, இதுதான் அரச கல்லறை என்று உறுதியாகக் காட்ட எதுவும் கிடைக்கவில்லை. ‘பூசாரி அரசன்’ என்று பாடநூலில் பார்க்கும் சிலையின் உயரம் 17.5 செ.மீ. அகழ்ந்தவர்கள் வைத்த பெயர் அது. இப்போதைக்கு இது போதும்.

கால்வாய்க் கதையை வரலாற்றாய்வாளர் கார்ல் விட்ஃபோகல் 1957இல் பெரிய கோட்பாடாக்கினார். அதன்பின் தொல்லியலாளர் ராபர்ட் ஆடம்ஸ், சுமேரியா இருந்த தெற்கு இராக்கின் பழைய ஆற்றுத் தடங்களையும் குடியிருப்பு மேடுகளையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். தொடக்ககாலப் பாசனம் அந்தந்த ஊர் அளவில் நடந்தது. பெரிய கால்வாய்கள் அரசுகள் எழுந்த பிறகு வந்தவை. வாய்க்கால் தூர்வார ஊர் கூடினால் போதும், அதற்கு ஒரு மன்னன் வேண்டியதில்லை. உங்கள் வகுப்பில் இன்னமும் பழைய குறிப்பையே கொடுக்கிறார்கள்.

இனி கிண்ணம். உருக் தெற்கு இராக்கில் இருக்கிறது, இன்றைய பெயர் வர்கா. கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டில் உலகின் முதல் பெருநகரங்களில் ஒன்றாக வளர்ந்த ஊர். அந்தப் பண்பாடு பரவிய இடங்களில் தோண்டினால் ஒரே மாதிரியான முரட்டுக் கிண்ணங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. கூளம் கலந்த மண்ணை அச்சில் அழுத்தி, விளிம்பைச் சரிவாக விட்டுச் செய்தவை. அழகு பார்க்கவில்லை, பூ வேலை இல்லை. கூலியாக பார்லி அளந்து கொடுக்க என்று ஒரு சாராரும் ரொட்டி வார்க்க என்று மறு சாராரும் சொல்கிறார்கள். எப்படியானாலும், கூட்டமாக வேலை வாங்கப்பட்டவர்களுக்குச் சோறு போட்ட பாத்திரம் அது.

எழுத்தும் அங்கேதான் பிறக்கிறது. உருக்கில் கிடைத்த பழைய களிமண் பலகைகளும் துண்டுகளும் சுமார் 5,000. கவிதை இல்லை, பிரார்த்தனை இல்லை. சில சொற்பட்டியல்கள் போக மற்றதெல்லாம் பார்லி, ஆடு, துணி, ஆள் கணக்கு. உணவுப்படி கொடுத்ததைக் குறிக்கும் குறியில் ஒரு மனிதத் தலையும் அதன் வாயருகே ஒரு கிண்ணமும் இருக்கின்றன. கிஷ் நகரத்து அரசன் என்மெபாரகெசி தன் பெயரைக் கல்பாத்திரத்தில் பொறித்துக்கொள்வதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தக் கணக்கு தொடங்கிவிட்டது. அரசர்களின் பெயர்கள் எழுதப்படுவதற்கு முன்பே பார்லிக் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

என் அம்மா கதிரறுப்புக்குப் போனவள். பொழுது சாயும் நேரத்தில் களத்து மேட்டில் பெண்கள் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். பண்ணையின் கணக்குப்பிள்ளை ‘லாபம், ரெண்டு, மூணு’ என்று மரக்காலால் அளப்பார். குத்தகை நெல் வாங்கும்போது குவித்து அளக்கும் அதே கை, கூலி போடும்போது தலைதட்டி அளக்கும். அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். பண்ணையார் களத்துக்கு வந்ததாக எனக்கு நினைவே இல்லை. வரவேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை, மரக்கால் அவருடையது.

உருக்கில் நடந்தது அதுதான் என்று நான் நம்புகிறேன், க. விளைச்சல் ஒரு களஞ்சியத்தில் சேர்கிறது. எவ்வளவு வந்தது, யாருக்கு எவ்வளவு என்று ஒருவன் குறிக்கிறான். குறிப்பு அவனிடம் இருப்பதால் தகராறு வந்தால் தீர்ப்பும் அவனிடமே போகிறது. கிழங்கைப் போல மண்ணுக்குள் மறைத்து வைக்க முடியாத பயிர் பார்லி. ஒரே நேரத்தில் முற்றுகிறது, எல்லோர் கண்ணிலும் படுகிறது, அளக்க முடிகிறது, மாதக்கணக்கில் கெடாமல் அடுக்கிவைக்க முடிகிறது. வரி வாங்க இதைவிடத் தோதான பயிர் எது? மகுடமும் பரம்பரையும் வானத்திலிருந்து அரசாட்சி இறங்கியது என்ற கதையும் இதன்மேல் பிற்பாடு ஏறியவை.

‘தாங்களாகவே ஏற்றுக்கொண்டார்களா’ என்று கேட்கிறீர்கள். சுமேரியாவில் ‘ஊர்’ (Ur) என்றே பெயர்கொண்ட நகரத்தின் அரச கல்லறைகளைத் தொல்லியலாளர் லியோனார்ட் வூலி தோண்டினார். ஒரே குழியில் 74 பேர், அவர்களில் 68 பேர் பெண்கள், நகைகளோடு வரிசையாகக் கிடந்தார்கள். விரும்பி நஞ்சு அருந்தி மன்னனோடு போனார்கள் என்று அவர் எழுதினார், உலகம் உருகியது. பின்னாளில் அந்தக் கல்லறைகளின் மண்டையோடுகள் சிலவற்றை சி.டி. ஸ்கேன் செய்து பார்த்தபோது கூர்மையான ஆயுதம் துளைத்த தடம் தெரிந்தது.

நல்ல அரசன் என்கிறீர்கள். சுமேரியாவின் லகாஷ் நகரத்து அரசன் உருகாகினா கி.மு. 2350 வாக்கில் பிணம் புதைக்க அதிகாரிகள் பிடுங்கிய கட்டணத்தைக் குறைத்தேன் என்று எழுதிவைத்தான். நல்லவன்தான். ஆனால் செத்தவரைப் புதைக்கக்கூட ஏழை கட்டணம் கட்ட வேண்டியிருந்தது, அதைக் குறைப்பதும் ஒரு மன்னனின் மனதைப் பொறுத்து இருந்தது. படித்த பிள்ளை நீங்கள், ஓட்டுரிமையை வைத்துக்கொண்டு அந்த வாசலில் போய் நிற்கத் துடிக்கலாமா?

இராக்கின் குர்திஸ்தான் பகுதியில் ஷாகி கோரா என்ற இடத்தைத் தோண்டியவர்கள் 2024இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். அங்கும் அதே கிண்ணங்கள், உள்ளே இறைச்சிக் குழம்பின் எச்சங்கள். பெரிய அளவில் சோறு போட்டு வேலை வாங்கிய அமைப்பு அங்கே எழுந்திருக்கிறது, பிறகு கைவிடப்பட்டிருக்கிறது. தீயின் தடமோ போரின் தடமோ இல்லை. அந்த அதிகாரம் வேண்டாம் என்று மக்களே விலகிப் போயிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். தேடிப் படித்துப் பாருங்கள். அவர்கள் ஏன் போயிருப்பார்கள் என்று உங்களுக்குத் தோன்றுவதை எனக்கு எழுதுங்கள். அவசரமில்லை, தேர்வு முடியட்டும்.

அன்புடன்.