வெறுப்பைக் கடக்க முடியுமா?

வெறுப்பு பிறவிக் குணமா, அதைக் கடக்க முடியுமா, மன்னிப்பதுதான் வழியா என்று கேட்டிருக்கிறீர்கள். கடக்க முடியும் என்றே நான் நம்புகிறேன். ஆனால் மனம் மாறட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் ஒருநாளும் முடியாது.

கோபம் தானாக வரும், தானாக ஆறும். வெறுப்பை யாராவது ஊட்டி வளர்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். பொதுக் கிணற்றில் தண்ணீர் பாய்ச்சும் முறை பற்றிய தகராறில் என் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. அந்தச் சண்டையைப் பார்த்தே இராத நாங்கள், பெரியப்பா வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அவர்கள் எங்களுக்கு எந்தக் கெடுதலும் செய்ததில்லை. எல்லாம் வீட்டுத் திண்ணையில் காதில் விழுந்த பேச்சு.

அப்பத்தா இறந்தபோதுதான் அது தளர்ந்தது. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இறந்தவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவரும் சடங்கான நீர்மாலை எடுத்து வரும்போது நான்கு பேர் வேட்டியை விரித்துப் பிடிக்க, அதன் கீழே அண்ணனும் தம்பியும் தண்ணீர்க் குடத்தோடு தோள் இடிக்க நடந்தே ஆக வேண்டியிருந்தது. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. காரியம் முடிந்ததும் தண்ணீர் முறை பற்றி இரண்டு வார்த்தை பேசிக்கொண்டார்கள். அதன்பின் பிள்ளைகளை யாரும் தடுக்கவில்லை.

பங்காளிப் பகையும் சாதி வெறுப்பும் ஒன்றல்ல. சாதி வெறுப்பில் இரு தரப்பும் சமமாக நிற்பதில்லை. மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் 1989 கலவரத்துக்குப் பிறகு தலித் மக்களின் குடியிருப்பை ஒதுக்கி நீண்ட சுவர் எழுப்பப்பட்டது. 2008 மே மாதம் மாவட்ட நிர்வாகம் அதில் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தது. அதை எதிர்த்து ஆதிக்க சாதியினரில் பலர் ஊரை விட்டு வெளியேறி மலையடிவாரத்தில் போய்த் தங்கினார்கள். அவர்கள் மனம் மாறிய பிறகுதான் இடிப்பது என்று இருந்திருந்தால் ஒரு செங்கல்கூட நகர்ந்திருக்காது. 2011-இல் உடன்பாடு ஏற்பட்டு, தலித் மக்கள் முத்தாலம்மன் கோயிலுக்குள் சென்று வழிபட்டார்கள். அதற்குப் பிறகும் மோதல்கள் வந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மன்னிப்பு விஷயத்துக்கு வருகிறேன். அடிபட்டவரிடம் போய் "மறந்துவிடுங்கள், மன்னித்துவிடுங்கள்" என்று உபதேசிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உத்தப்புரத்து மக்கள் கேட்டது பொதுப்பாதை, பஸ் நிறுத்தத்தில் நிழற்குடை, கோயிலில் வழிபாட்டு உரிமை. இவற்றைக் கொடுக்காமல் அவர்களிடம் மன்னிப்பை எதிர்பார்ப்பது அநியாயம்.