ஆணி சிவக்கிறது, தகடு வெளுக்கிறது

கேள்வி: எங்கள் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கொல்லைக் கொட்டகையின் இரும்பு ஆணிகள் செந்துருவேறி உதிர்கின்றன. துத்தநாகம் பூசிய கூரைத் தகட்டில் வெள்ளைப் பொடி படிகிறது. செம்புக் குடத்தில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. உப்புக்காற்று ஒன்றுதானே? பாடநூலில் ஆக்சிஜனேற்ற நிலை இரும்புக்கு +2, +3 என்றும், செம்புக்கு +1, +2 என்றும், துத்தநாகத்துக்கு +2 மட்டும் என்றும் இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, கீழக்கரை

பதில்: உண்டு. ஓர் அணு எத்தனை எலக்ட்ரான்களை இழந்ததாகக் கணக்கு வைக்கிறோம் என்பதையே அந்த எண்கள் சொல்கின்றன. எலக்ட்ரான்கள் அணுவில் ஆற்றல் மட்டங்களில் அமர்ந்திருக்கின்றன. இரும்பு அணுவின் வெளிப்புற 4எஸ் மட்டத்தில் இரண்டும், அதற்கு உட்புறமான 3டி மட்டத்தில் ஆறும் ஆக எட்டு எலக்ட்ரான்கள் உள்ளன. இவ்விரு மட்டங்களின் ஆற்றலும் அருகருகே இருப்பதால், 4எஸ் எலக்ட்ரான்கள் இரண்டும் போனபின் 3டி மட்டத்திலிருந்து இன்னும் ஒன்றை இழப்பது இரும்புக்கு எட்டாத காரியமன்று. ஈரக்காற்றில் அது முதலில் +2 நிலையை அடைந்து, ஆக்சிஜன் தொடர்ந்து கிடைக்கும்போது +3 ஆகி, நீரேறிய ஃபெர்ரிக் ஆக்சைடாக, அதாவது துருவாகப் படிகிறது. இரும்புச்சத்து மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் இறைக்கும்போது தெளிந்திருந்து, வாளியில் சற்று நேரம் நின்றதும் மஞ்சளாகக் கலங்குவதைப் பலர் பார்த்திருப்பார்கள். +2 இரும்பு நீரில் கரைந்திருந்தது. +3 ஆனதும் கரைய மாட்டாமல் பிரிந்துவிட்டது.

துத்தநாகத்தில் 3டி மட்டம் பத்து எலக்ட்ரான்களுடன் நிறைந்திருக்கிறது. மூன்றாவது எலக்ட்ரானைப் பிரிக்க இரும்புக்கு மோலுக்கு ஏறத்தாழ 2957 கிலோஜூல் போதும். துத்தநாகத்துக்கோ 3833 வேண்டும். அந்த விலையை எந்தச் சாதாரண வேதிவினையும் கொடுப்பதில்லை. ஆகவே அது +2 உடன் நின்றுவிடுகிறது. நிறைந்த டி மட்டத்துக்குள் எலக்ட்ரான் இடம் மாற வழியில்லாததால், அவ்வழியாகக் கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சவும் அதனால் இயலாது. தகட்டில் படியும் துத்தநாக ஹைட்ராக்சைடும் கார்பனேட்டும் வெண்மையாக இருப்பது இதனால்தான். துத்தநாகத்தை இடைநிலைத் தனிமம் (டி மட்டம் முழுதும் நிரம்பாத தனிமம்) என்று அழைக்கலாமா என்று வேதியியலார் வாதிடுவதற்கும் இதுவே காரணம். அழைக்க வேண்டியதில்லை என்பதே என் எண்ணம்.

செம்புக் குடத்தில் முதலில் ஏறும் மங்கிய சிவப்புப் படலம் +1 நிலை ஆக்சைடு. கடலுப்பின் குளோரைடும் ஈரமும் சேரச்சேர அதன்மேல் +2 நிலைக்குரிய பச்சைக் காரக் குளோரைடு உருவாகிறது. பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கக் கப்பல்களின் அடிப்பாகத்தில் பூசும் சாயங்கள் பலவற்றிலும் இதே +1 நிலை ஆக்சைடுதான் சேர்க்கப்படுகிறது. உப்புக்காற்றைப் பொறுத்தவரை, அது ஈரத்தைப் பிடித்துவைத்து, உலோகத்தின் மேலுள்ள நீர்ப்படலத்தை மின்கடத்தியாக்கி, அரிப்பை விரைவுபடுத்துகிறது. ஓர் உலோகம் எந்தெந்த நிலைகளை எட்ட முடியும் என்பது அதன் எலக்ட்ரான் அமைப்பைப் பொறுத்தது.

கேள்வி: பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் மாங்கனீசு +7 என்கிறார்கள். ஓர் அணு உண்மையிலேயே ஏழு எலக்ட்ரான்களைப் பறிகொடுக்குமா?
— வாசகர், மண்டபம்

பதில்: பறிகொடுப்பதில்லை. ஆக்சிஜனேற்ற நிலை என்பது ஒரு பற்றுவரவுக் கணக்கு. நான்கு ஆக்சிஜனுக்கு −8, பொட்டாசியத்துக்கு +1 என்று எழுதினால், மொத்தம் சுழியாக மாங்கனீசுக்கு +7 வர வேண்டும், அவ்வளவே. உண்மையில் மாங்கனீசும் ஆக்சிஜனும் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன; மாங்கனீசின் மேலுள்ள நிகர மின்சுமை ஏழைவிட மிகக் குறைவு. இக்கணக்கின்படி மாங்கனீசின் டி மட்டம் வெறுமையாக இருக்க, இவ்வளவு ஆழ்ந்த ஊதா எங்கிருந்து வருகிறது என்றும் கேட்கலாம். ஆக்சிஜனிலிருந்து ஓர் எலக்ட்ரான் ஒளியை உறிஞ்சி மாங்கனீசுக்குத் தாவுவதால் வருகிறது. பெர்மாங்கனேட் விரலில் பட்டால் பழுப்புக் கறையாவது மாங்கனீசின் +4 நிலை டைஆக்சைடு. பள்ளி ஆய்வகத்தில் கந்தக அமிலமும் ஆக்சாலிக் அமிலமும் உள்ள சூடான கரைசலில் சொட்டுச் சொட்டாக விடும்போது பெர்மாங்கனேட் நிறமிழப்பது, மாங்கனீசு +7 இலிருந்து +2 வரை இறங்குவதால்.