பிரேக்கில் காற்றா, பழைய ஆயிலா? வாசகர் கேள்விகள்

சீசன் முடிந்து மழை பிடிக்கும் நேரம். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிரேக்கைப் பற்றித்தான்.

குன்னூர் வாசகர்: மேட்டுப்பாளையம் இறங்கும்போது பர்லியார் தாண்டியதும் பெடல் தரைவரை போய்விட்டது. ஓரங்கட்டி அரை மணி நேரம் நின்றதும் பழையபடி பிடித்தது. ஏர் எடுத்தால் போதுமா?

போதாது. ஏர் எடுப்பது என்றால் பிரேக் ஆயில் ஓடும் லைனுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது. அப்படி வெளிக்காற்று புகுந்திருந்தால், வண்டி ஆறினாலும் பெடல் மெத்தென்றே இருக்கும். உங்கள் வண்டியில் ஆயிலே கொதித்திருக்கிறது. ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால் நீங்கள் மிதித்ததெல்லாம் ஆவியை அமுக்குவதிலேயே போய்விட்டது. ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிட்டது, பெடலும் திரும்பி வந்தது.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் தரங்கள். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். அதில் நாலு சதவீதம் போலத் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 சொச்சத்திலேயே கொதிக்கலாம். டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. ஆயில் மாற்றி எத்தனை வருடம் ஆயிற்று என்று நீங்கள் எழுதவே இல்லை. முதலில் சொல்ல வேண்டியதே அதுதான். நான்கு சக்கரத்திலும் புது ஆயிலின் நிறம் வரும்வரை பழையதை வெளியே எடுத்துவிடுங்கள். ஒரு லிட்டர் தாராளம். மலையில் ஓடும் வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்தே ஆக வேண்டும்.

ஊட்டி வாசகர்: ஏர் எடுக்க எந்தச் சக்கரத்தில் தொடங்குவது?

பெடலை மிதித்ததும் ஆயிலை லைனுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமானதில். பொதுவாகப் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. உங்கள் வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் கையேட்டின்படியே செய்யுங்கள்.

கோத்தகிரி வாசகர்: மகனைப் பெடல் மிதிக்கச் சொல்லி நான் நிப்பிளைத் திறக்கிறேன். எத்தனை தடவை எடுத்தாலும் குமிழி நிற்கவில்லை.

சக்கரத்தருகே காற்றும் ஆயிலும் வெளியேறும் திருகுதான் நிப்பிள். அதை நீங்கள் மூடும் முன்பே தம்பி காலை எடுத்துவிடுகிறார் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்தால் வெளியே போன காற்று அதே வழியில் உள்ளே திரும்பும். ‘மிதி’ என்று சொல்லுங்கள். ‘மிதிச்சாச்சு’ என்று பதில் வந்த பிறகு திறந்து, மூடிவிட்டு, அப்புறம்தான் ‘விடு’ என்று சொல்ல வேண்டும். நிப்பிளில் மாட்டிய டியூபின் நுனி பாட்டிலில் உள்ள ஆயிலுக்குள் மூழ்கியே இருக்கட்டும். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை மேலே ஆயில் டப்பாவைப் பாருங்கள். அதில் ஆயில் வற்றினால் மொத்த வேலையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

பழைய வண்டியானால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். தரைவரை மிதித்தால், மாஸ்டர் சிலிண்டருக்குள் இதுவரை ரப்பர் வாஷர் போகாத துருப்பிடித்த பகுதியில் அது உரசிக் கிழியும். பெயின்ட்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

குன்னூரிலிருந்து இன்னொருவர்: முன் காலிபர் இரண்டையும் கழற்றி மாட்டிய பிறகு ஏர் போகவே மாட்டேன் என்கிறது.

சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இறுக்கிப் பிடிப்பது காலிபர். நீங்கள் இடது காலிபரை வலதில் மாட்டியிருக்கிறீர்கள். நிப்பிள் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பாருங்கள். காற்று மேலேதான் தங்கும், நிப்பிள் கீழே இருந்தால் வெளியே வராது.

பெயர், ஊர் இல்லாத கடிதம்: என் காரில் பிரேக் சரியில்லை. என்ன செய்யலாம்?

என்ன கார், எந்த வருடம், பெடல் மெத்தென்று இருக்கிறதா, மெல்லக் கீழே இறங்குகிறதா, கல் மாதிரி இருக்கிறதா? ஒன்றும் எழுதாமல் பதில் கேட்டால் எப்படி? மிதித்துப் பிடித்திருக்கும்போது பெடல் மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரையும் எங்காவது கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். மற்றதை எழுதினால் சொல்கிறேன். அதுவரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

மஞ்சூர் வாசகர்: இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுத்தான் ஓட்டுவேன், பெட்ரோல் மிச்சம். ஆனால் லைனிங் சீக்கிரம் தேய்கிறது. எந்த லைனிங் நல்லது?

பிரேக் பிடிக்கும்போது உரசித் தேய்வதுதான் லைனிங். எதை வாங்கினாலும் இப்படித்தான் தேயும். இந்த நியூட்ரல் பழக்கத்தைப் பற்றி இதே பகுதியில் பலமுறை எழுதிவிட்டேன், இனியும் எழுதுவேன்.

முதலில் பெட்ரோல் கணக்கு. இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், என்ஜின் வேகம் நன்றாகக் குறையும்வரை பெட்ரோல் அடிப்பதே நின்றுவிடும். சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் என்ஜின் அணையாமல் இருக்க ஐடிலுக்குப் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும். ஆக, மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவு செய்கிறீர்கள்.

அடுத்தது சூடு. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் இறக்கம். ஒரு டன் கார் அவ்வளவு இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை என்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் காற்றும் டயரும் எடுப்பது போக மிச்சம் முழுவதும் டிரம்முக்கும் டிஸ்க்குக்கும் போகும். அங்கிருந்து லைனிங், அதற்குப் பின்னால் ஆயில். குன்னூர்க்காரர் வண்டியில் நடந்தது உங்கள் வண்டியிலும் நடக்கும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் அது நடந்தால் ஓரங்கட்டக்கூட இடம் இருக்காது.

இன்னும் சிலர் என்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறார்கள். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு மிதியை லேசாக்கும் பூஸ்டரில் வேக்குவம் (வெற்றிடம்) இருக்காது, பெடல் கல்லாகிவிடும். தயவுசெய்து வேண்டாம். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கில் காலை ஊன்றிக்கொண்டே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து உடனே விடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

கூடலூர் வாசகர்: போன வருடம் திறந்த பாட்டிலில் பாதி ஆயில் இருக்கிறது. ஊற்றலாமா?

கூடாது. அதுவும் கூடலூர் மழையில் ஒரு வருடம் இருந்த பாட்டில்!

ஊட்டி வாசகர்: ஒரு மிதிக்குப் பெடல் கீழே போகிறது, இரண்டாவது மிதிக்கு உயரமாக வந்து கெட்டியாக நிற்கிறது. ஏர்தானே?

பின்னால் டிரம் இருந்தால் முதலில் லைனிங் இடைவெளியை அட்ஜஸ்ட் செய்து பாருங்கள். மேலே வந்த பிறகும் மெத்தென்றே இருந்தால் அப்போது ஏர் எடுக்கலாம். பலர் வரிசையை மாற்றிச் செய்து ஆயிலை வீணாக்குகிறார்கள்.

கோத்தகிரி வாசகர்: ஏபிஎஸ் உள்ள கார். டப்பா காலியான பிறகு ஆயில் ஊற்றி வீட்டிலேயே ஏர் எடுத்தேன். கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கிறது. ஓட்டலாமா?

ஓட்டக் கூடாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போயிருந்தால் வெறும் மிதியில் வெளியே வராது. ஸ்கேனர் மாட்டி உள்ளிருக்கும் வால்வையும் பம்பையும் இயக்கிக்கொண்டே எடுக்க வேண்டும். டப்பா ஏன் காலியானது என்பதையும் அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள். லைனிங் தேய்ந்தால் மட்டம் கொஞ்சம் குறையும், காலியாகாது. மேட்டுப்பாளையத்தில் செய்துகொள்ளலாம் என்று இறங்கிவிடாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள், இல்லையென்றால் ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.