கைரேகை கேட்கும் பள்ளிகள்: வாசகர் கேள்வி – பதில்

பள்ளிகளில் கைரேகை, முகப்பதிவு, ஆதார் தொடர்பாக வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எழுதியவர்களின் ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

என் மகள் தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். "திங்கள் முதல் வருகைப்பதிவு பயோமெட்ரிக் முறையில்" என்று டயரியில் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். கீழே கையெழுத்துப் போட ஒரு கோடு மட்டும் இருக்கிறது. சம்மதமா இல்லையா என்று கேட்கவே இல்லை. நான் மறுக்கலாமா? மறுத்தால் பிள்ளையை வெளியே நிறுத்திவிடுவார்களா?
– ஒரு தாய், ஈரோடு

தாராளமாக மறுக்கலாம். மாணவர் வருகையைக் கைரேகையில்தான் பதிய வேண்டும் என்று தனியார் பள்ளிகளைக் கட்டாயப்படுத்தும் சட்டம் ஏதும் இல்லை. பேர் கூப்பிட்டு வருகை எடுப்பது இன்றைக்கும் முழுச் செல்லுபடியாகும் முறைதான். ஆகவே, ரேகை தரவில்லை என்பதற்காக வகுப்பில் உட்காரவிடாமல் செய்ய பள்ளிக்கு எந்த ஆதாரமும் கிடையாது.

சட்டம் இப்போது எங்கே நிற்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக வந்தது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. 18 வயது நிரம்பாத எல்லோரும் அந்தச் சட்டப்படி குழந்தைகள். அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகின்றன.

பள்ளிகள் பிடித்துக்கொள்ளக்கூடிய ஒரு விலக்கும் அந்த விதிகளில் இருக்கிறது. கல்விச் செயல்பாட்டுக்காகவோ மாணவர் பாதுகாப்புக்காகவோ கண்காணிக்கும் அளவில், கல்வி நிறுவனங்களுக்கு இந்தப் பெற்றோர் சம்மத விதியிலிருந்து தளர்வு உண்டு. வருகைப்பதிவு அதற்குள் அடங்கும் என்று உங்கள் பள்ளி வாதிடலாம். ஆனால் தரவைப் பத்திரமாக வைத்திருக்கும் கடமைக்கும், தேவை முடிந்ததும் அழிக்கும் கடமைக்கும் இந்தத் தளர்வு பொருந்தாது. பாதுகாப்பில் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது.

2027 மே வரை எந்தப் பாதுகாப்பும் இல்லை என்றும் நினைக்க வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த விதிகள், பயோமெட்ரிக் தகவலை நுட்பமான தனிநபர் தரவு என்று வகைப்படுத்தி, எழுத்துப்பூர்வ சம்மதம் கேட்கின்றன. அறக்கட்டளை நடத்தும் பள்ளி அந்த விதிக்குள் வருமா என்பதில் வாதத்துக்கு இடமுண்டு. மெஷினையும் மென்பொருளையும் விற்றுப் பராமரிக்கும் கம்பெனி நிச்சயமாக வரும்.

இனிச் செய்ய வேண்டியது. டயரியில் கையெழுத்துப் போடாதீர்கள். வெறுமனே விட்டுவிடவும் வேண்டாம். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. தனித்தாளில் தலைமையாசிரியருக்கு இப்படி எழுதுங்கள்: "என் மகளின் கைரேகை, முகம், கருவிழி ஆகிய எதையும் பதிவு செய்ய நான் சம்மதிக்கவில்லை. அவளுடைய வருகையை வழக்கமான பதிவேட்டிலேயே குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். ஏற்கெனவே பதிந்திருந்தால் அழித்துவிட்டு எழுத்தில் தெரிவிக்கவும்." இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் மசியாவிட்டால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு கொடுக்கலாம். உங்களைப் போலவே நினைக்கும் நான்கைந்து பெற்றோர் சேர்ந்து போனால் நல்லது. தனியாக மறுக்கும் குடும்பத்தின் பிள்ளையைத்தான் வரிசையில் கடைசியில் நிறுத்துவார்கள்.

"விரல் படத்தை நாங்கள் சேமிப்பதே இல்லை, ஒரு குறியீட்டைத்தான் சேமிக்கிறோம், அதிலிருந்து ரேகையைத் திரும்ப எடுக்கவே முடியாது" என்று பெற்றோர் கூட்டத்தில் கம்பெனிக்காரர் சொன்னார். உண்மையா?
– ஓசூர்

முதல் பாதி பெரும்பாலும் உண்மை, இரண்டாம் பாதி உண்மையில்லை. ரேகை எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற புள்ளிகளையும் அவற்றின் கோணத்தையும் கணக்கிட்டு மெஷின் ஒரு வார்ப்பாக (டெம்ப்ளேட்) சேமிக்கிறது. அந்தப் புள்ளிகளை மட்டும் வைத்தே முழு ரேகைப் படத்தை மீண்டும் வரைந்து, ரேகைப் பொருத்தும் மென்பொருளை ஏமாற்ற முடியும் என்று ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுவிட்டார்கள். கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். எட்டு வயதுக் குழந்தையின் விரல் அடுத்த அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு அதே விரல்தான்.

அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. வார்ப்பு மெஷினுக்குள் இருக்கிறதா, பள்ளிக் கணினியிலா, கம்பெனியின் கிளவுடிலா? மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்டிருக்கிறதா, அதைத் திறக்கும் சாவி யார் கையில்? மெஷின் பழுதானால் யார் எடுத்துப் போகிறார், உள்ளே இருக்கும் தரவோடா? டி.சி. வாங்கிப் போன மாணவரின் ரேகை எத்தனை நாளில் அழியும்? பதில் எழுத்தில் வரட்டும். மேடையில் சொன்னது கணக்கில் வராது.

எங்கள் பள்ளியில் ஏறக்குறைய 1,200 மாணவர்கள். மெஷின் வைத்து ஒரு பருவம் ஆகிறது. சின்ன வகுப்புப் பிள்ளைகளின் விரலை எடுக்கவே மாட்டேன் என்கிறது. சில சமயம் ஒருவன் விரல் வைத்தால் வேறொருவன் பெயர் வருகிறது. மெஷினை மாற்றினால் சரியாகுமா?
– ஒரு ஆசிரியர், தஞ்சாவூர்

விலை கூடிய மெஷின் கொஞ்சம் உதவும். ஆனால் கோளாறின் வேர் மெஷினில் இல்லை.

சின்ன விரல்களை முதலில் பார்ப்போம். சந்தையில் கிடைக்கும் ரேகைக் கருவிகள் பெரும்பாலும் 500 டி.பி.ஐ. கொண்டவை, மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 20 புள்ளிகள். பெரியவர் விரலுக்கு அது போதும். ஐந்தாறு வயதுப் பிள்ளையின் ரேகைக் கோடுகள் மிக நெருக்கமானவை என்பதால், பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் படத்தில் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. விரல் வளரவும் செய்கிறது. ஜூனில் பதிந்த ரேகை அடுத்த ஜூனில் பொருந்தாமல் போவது இதனால்தான். ஆதாரிலேயே ஐந்து வயதுக்குக் கீழே ரேகை எடுப்பதில்லை. ஐந்தில் எடுத்ததை 15இல் மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள். வியர்வை, மார்கழிப் பனியில் வறண்ட தோல், சாக்பீஸ் தூள், பசை, விரல் நுனியில் மருதாணி, உரியும் தோல் எல்லாம் இதோடு சேர்ந்துகொள்கின்றன.

பெயர் மாறுவது கணக்குப் பிரச்சினை. மாணவர் விரலை மட்டும் வைக்கிறார். அது யாருடையது என்று மெஷின் 1,200 வார்ப்புகளோடும் ஒப்பிட்டுத் தேடுகிறது. ஒரே ஒரு ஒப்பீட்டில் தவறாகப் பொருந்தும் வாய்ப்பு 10,000இல் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கேட்க நல்ல எண்ணாகத்தான் இருக்கிறது. ஆனால் 1,200 ஒப்பீடு நடக்கும்போது, எங்காவது ஓரிடத்தில் தவறிப் பொருந்தும் வாய்ப்பு சுமார் 11 சதவீதம் ஆகிவிடுகிறது. இதைக் குறைக்க டெக்னீஷியன் பொருத்த அளவை இறுக்குவார். இறுக்கியதும் பெயர் மாறுவது குறையும். சரியான பிள்ளையையே "மீண்டும் முயலவும்" என்று திருப்பி அனுப்புவது கூடும். உங்கள் இரண்டு புகார்களும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள்.

நடைமுறையில் ஒரு வழி இருக்கிறது. மாணவர் முதலில் தன் எண்ணை அழுத்தட்டும் அல்லது அட்டையைக் காட்டட்டும். பிறகு விரல் வைக்கட்டும். அப்போது மெஷின் ஒரே ஒரு வார்ப்போடு மட்டும் ஒப்பிடும், பெயர் மாறுவது ஏறக்குறைய நின்றுவிடும். ஆனால் அட்டை கையில் வந்த பிறகு விரல் எதற்கு என்ற கேள்வி எழத்தான் செய்யும். எழ வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

நேரத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். தலைக்கு மூன்று விநாடி, முதல் தடவையிலேயே எடுத்துக்கொள்கிறது என்றாலும், 1,200 பேருக்கு ஒரு மெஷினில் 60 நிமிடம். நான்கு மெஷின் வைத்தால் 15 நிமிடம். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஆசிரியர் பேர் கூப்பிட இரண்டு மூன்று நிமிடம்தான் ஆகிறது; அது எல்லா வகுப்பிலும் ஒரே நேரத்தில் நடக்கிறது. பிள்ளையின் முகத்தைப் பார்த்து, காய்ச்சலா, அழுதிருக்கிறானா என்று கண்டுகொள்ளும் வேலையும் கூடவே முடிகிறது.

ஆதார் இல்லாமல் எல்.கே.ஜி. சேர்க்க மாட்டோம் என்கிறார்கள். பெரியவனின் பள்ளியிலோ ஆதார் முகாம் போட்டு விரல் எடுக்கிறார்கள். இரண்டும் ஒன்றா?
– மதுரை

ஒன்றல்ல. ஆதார் இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 தீர்ப்பிலேயே, பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. 6 முதல் 14 வயது வரை கல்வி என்பது உரிமை, அரசு தரும் சலுகை அல்ல என்பது அதற்கு நீதிமன்றம் சொன்ன காரணம்.

முகாமில் நடப்பது ஆதாருக்கான கட்டாய பயோமெட்ரிக் புதுப்பிப்பு. 5 வயதிலும் 15 வயதிலும் செய்ய வேண்டியது. தமிழ்நாட்டில் பயிலும் பள்ளியிலேயே இதைச் செய்ய ஏற்பாடு இருக்கிறது. அந்த விரல் ஆதார் ஆணையத்துக்குப் போகிறது. பள்ளிக்குப் பிரதி எடுக்க உரிமை கிடையாது. ஆதார் சட்டத்தின் 29ஆம் பிரிவு அந்த ரேகையை யாருக்கும் எக்காரணத்துக்காகவும் பகிரக் கூடாது என்கிறது. ஆதார் வைத்திருக்கும் பிள்ளைக்கு இந்தப் புதுப்பிப்பைத் தள்ளிப்போட வேண்டாம். ஏழு வயதுக்கு மேலும் விட்டுவைத்தால் எண் முடக்கப்படலாம். 5–7, 15–17 வயதில் இது இலவசம். 2025 அக்டோபர் 1 முதல் ஓராண்டுக்கு இடைப்பட்ட வயதினருக்கும் கட்டணத்தை நீக்கியிருக்கிறார்கள்.

பிள்ளையின் ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை இணையதளத்திலிருந்து இறக்கிக் கொடுங்கள். நகலின் மேல் பள்ளியின் பெயர், நோக்கம், தேதி எழுதிக் கையெழுத்திடுங்கள். அதே இணையதளத்தில் பயோமெட்ரிக் பூட்டு போடும் வசதி இருக்கிறது. ஆதாரில் பதிந்த கைப்பேசி எண் வேண்டும். பூட்டினால் விரலோ முகமோ வைத்து யாரும் சரிபார்க்க முடியாது. உங்களுக்குத் தேவைப்படும்போது சிறிது நேரத்துக்குத் திறந்துகொள்ளலாம். கடந்த ஆறு மாதத்தில் அந்த எண்ணை யார் சரிபார்த்தார்கள் என்ற பட்டியலும் அங்கேயே கிடைக்கும். அவ்வப்போது பாருங்கள்.

இன்னொன்று: 18 வயது நிரம்பிய ஆறு மாதத்துக்குள் தன் ஆதாரையே ரத்து செய்யக் கோரும் உரிமை பிள்ளைக்கு உண்டு. 2019 திருத்தத்தில் வந்தது.

இங்கே மகனின் உயர்நிலைப் பள்ளியில் மதிய உணவுக்குக் காசு செலுத்த விரல் வைக்க வேண்டும் என்கிறார்கள். அவனுக்கு விருப்பமில்லை. நாங்கள் என்ன செய்வது?
– ஹாரோ, லண்டன்

உங்கள் சட்டம் இந்த விஷயத்தில் இந்தியச் சட்டத்தைவிட மிகத் தெளிவு. 2012ஆம் ஆண்டின் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 18 வயதுக்குட்பட்ட மாணவரின் பயோமெட்ரிக்கைப் பள்ளி பயன்படுத்த, பெற்றோரில் ஒருவராவது எழுத்தில் சம்மதிக்க வேண்டும். மற்றவர் எழுத்தில் ஆட்சேபித்தால் அதோடு முடிந்தது. பிள்ளையே வேண்டாம் என்றால், அப்பா அம்மா இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது. உங்கள் மகன் வாய்திறந்து "மாட்டேன்" என்றாலே போதும். அட்டையோ பின் எண்ணோ மாற்று வழியாகத் தருவது பள்ளியின் கடமை.

எசெக்ஸில் செம்ஸ்ஃபோர்டு நகரின் ஒரு பள்ளி 2023 மார்ச்சில் உணவகத்துக்கு முகமறியும் கருவி வைத்தது. வேண்டாம் என்பவர்கள் மட்டும் சீட்டைத் திருப்பி அனுப்புங்கள் என்றது. அந்தச் "சம்மதம்" செல்லாது என்றும், ஆபத்து மதிப்பீட்டை முன்னதாகச் செய்யவில்லை என்றும் அங்கே தரவுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தகவல் ஆணையர் அலுவலகம் 2024 ஜூலையில் அந்தப் பள்ளியைக் கண்டித்தது. உங்களுக்கு இப்படிச் சீட்டு வந்தால் இதைச் சுட்டிக்காட்டுங்கள்.

கைரேகை வேண்டாம், கேமரா முகத்தைப் பார்த்து வருகை போட்டால் தொல்லை இல்லையே?
– நாகர்கோவில்

தொல்லை கூடும். விரலைப் பிள்ளை தெரிந்து வைக்கிறது; முகத்தைக் கேமரா கேட்காமலே எடுக்கிறது, நண்பர்களோடு நிற்பதையும் சேர்த்து. ஸ்வீடனில் ஷெலெஃப்டியோ நகராட்சி, 22 மாணவர்களை மட்டும் வைத்துச் சில வாரம் இப்படி வருகை எடுத்துப் பார்த்தது. பெற்றோர் சம்மதம் இருந்தும், பள்ளியை நம்பியிருக்கும் மாணவரின் சம்மதம் சுதந்திரமான சம்மதம் ஆகாது, வருகை எடுக்க வேறு எளிய வழி இருக்கிறது என்று தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2019 ஆகஸ்டில் 2 லட்சம் குரோனர் அபராதம் போட்டது.

எங்கள் பள்ளியில் மூன்று ஆண்டாக இருக்கும் மெஷினை நிறுத்த நிர்வாகக் குழு முடிவு செய்துவிட்டது. பழைய தரவை எப்படி ஒழிப்பது?
– ஒரு தாளாளர், கோயம்புத்தூர்

நல்ல முடிவு. மெஷினை அவிழ்த்துக் காயலான் கடைக்கு அனுப்பிவிடுவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு. மின்சாரம் போனாலும் உள் நினைவகம் வார்ப்புகளை அப்படியே வைத்திருக்கும்.

முதலில் வருகை விவரத்தை மட்டும் பெயர், தேதி, நேரத்தோடு எடுத்துவையுங்கள், வார்ப்புகளை எடுக்காதீர்கள். அடுத்து, மெஷின் மெனுவில் பயனாளர் தரவு முழுவதையும் அழித்து, தொழிற்சாலை நிலைக்கு மீட்டமையுங்கள். அழித்த பிறகு, முன்பு பதிந்திருந்த நான்கைந்து ஊழியர்களை விரல் வைக்கச் சொல்லிச் சோதியுங்கள். யாரையும் அடையாளம் காணக் கூடாது. இத்தோடு நின்றால் பாதி வேலைதான். மென்பொருள் ஓடிய கணினி, அதன் தினசரி பேக்கப், டெக்னீஷியன் ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப் பயன்படுத்திய பென்டிரைவ் என எல்லாவற்றிலும் பிரதி இருக்கும். கிளவுட் இருந்தால், கணக்கை மூடும் முன் அழிக்கச் சொல்லி, அழித்த தேதியோடு கம்பெனியின் கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள். கணக்கை மூடிவிட்டால் பிறகு கேட்க வழியிருக்காது. பழைய மெஷினைத் திரும்பக் கொடுத்துப் புதியதற்கு விலை குறைக்கும் சலுகையை ஏற்க வேண்டாம். உள்ளிருக்கும் நினைவக அட்டையைக் கழற்றி உடைத்த பிறகே மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.

பள்ளியை விட்டுப் போன மாணவர்களின் ரேகையும் உள்ளே இருந்திருக்கும். அழித்துவிட்டோம் என்று அந்தப் பெற்றோர்களுக்கும் ஒரு வரி அனுப்புங்கள்.