எல்டிஆர் எண்கள் தாறுமாறாக வந்தால் எங்கே தேடுவது?

கேள்வி: இருட்டியதும் தானாக எரியும் விளக்கு ஒன்று செய்கிறேன். நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணு போர்டான அர்டுயினோ யூனோவின் 5 வோல்ட்டிலிருந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதற்குக் கீழே எல்டிஆர் (வெளிச்சத்துக்கேற்ப மின்தடை மாறும் சென்சர்), அங்கிருந்து கிரவுண்டு. இரண்டும் சேரும் இடத்திலிருந்து, வோல்ட்டேஜை எண்ணாகப் படிக்கும் ஏ0 பின்னுக்கு ஒயர். வெளிச்சம் கூடக்கூட எண் குறைகிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் 200க்கும் 250க்கும் நடுவே குதிக்கிறது. பத்து முறை படித்துச் சராசரி எடுத்தும் நிற்கவில்லை. வெளியே பகலில் வைத்தால் வெயில் அடித்தாலும் மேகம் மறைத்தாலும் 5லிருந்து 15க்குள்தான். எல்டிஆரை மாற்றியும் அதே கதை. எது பழுது?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், அநேகமாக எதுவும் பழுதில்லை. ஏ0 காட்டுவது வெளிச்சத்தின் அளவே அல்ல. 5 வோல்ட்டை ரெசிஸ்டரும் எல்டிஆரும் எந்த விகிதத்தில் பங்கு போடுகின்றன என்பதைத்தான் 0 முதல் 1023 வரையிலான எண்ணாக அது சொல்கிறது. வெளிச்சம் பட்டால் எல்டிஆரின் மின்தடை இறங்கும். அது கிரவுண்டு பக்கம் இருப்பதால் அதன் பங்கும் இறங்கும், எண்ணும் இறங்கும். தலைகீழாக வேண்டுமென்றால் இரண்டையும் இடம் மாற்றுங்கள், அல்லது நிரலில் 1023லிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. எல்டிஆரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இன்னொரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைச் செருகுங்கள். இரண்டு பங்கும் சமம் என்பதால் எண் 512ஐ ஒட்டி அசையாமல் நிற்க வேண்டும். ரெசிஸ்டர்களின் 5 சதவீத வித்தியாசத்தால் கொஞ்சம் தள்ளி நின்றால் கவலையில்லை. 1023 வந்தால் கிரவுண்டு பக்கம் இணைப்பு விட்டிருக்கிறது. 0 என்றால் 5 வோல்ட் பக்கம். (சாலிடர் இல்லாமல் பாகங்களைச் செருகும் பலகைதான் ப்ரெட்போர்டு; நீளமான சிலவற்றில் ஓரத்து மின்வரிசை நடுவில் அறுந்திருக்கும். ஓரத்தில் அச்சிட்ட கோடு அங்கே விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.) கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே எண் அலைந்தால் ஏ0 பின் அந்தரத்தில் தொங்குகிறது என்று அர்த்தம். 560க்கும் 610க்கும் நடுவே வந்தால் நிரலைத் திறந்து பாருங்கள், அந்தப் பின்னுக்கு உள்ளிருக்கும் புல்அப்பை (பின்னை 5 வோல்ட் பக்கம் இழுக்கும் தடையை) எங்கோ இயக்கியிருப்பீர்கள். சிப்புக்குள் இருக்கும் 20 முதல் 50 கிலோ ஓம் தடை உங்கள் மேல் ரெசிஸ்டரோடு இணையாகச் சேர்ந்து எண்ணை உயர்த்திவிடும்.

512 வந்துவிட்டால் ஒயரும் போர்டும் சரி. அடுத்தது அந்தக் குதிப்பு.

டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்புகளும் சீராக எரிவதில்லை. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் வெளிச்சம் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும், 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 முறை. எல்டிஆர் மந்தமான பொருள், மாறுவதற்கு 20, 30 மில்லிவிநாடி எடுத்துக்கொள்ளும்; அதனால் அந்த ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். மிச்சம்தான் நீங்கள் பார்ப்பது. பத்து முறை படித்தும் பலன் இல்லாததற்குக் காரணம் வேகம். யூனோ ஒரு முறை படிக்க ஏறக்குறைய 0.1 மில்லிவிநாடிதான் ஆகும். இடைவெளி விடாமல் பத்து முறை படித்தால் 1 மில்லிவிநாடியில் முடிந்துவிடும், ஆனால் ஒரு ஏற்ற இறக்கத்துக்கே 10 மில்லிவிநாடி வேண்டும். பத்தும் ஒரே இடத்தில் விழுந்தால் சராசரி எப்படி உதவும்? 2 மில்லிவிநாடி இடைவெளி விட்டு 50 முறை படியுங்கள். மொத்தம் 100 மில்லிவிநாடி; அதில் 50 ஹெர்ட்ஸானால் 10 சுற்று, 60 ஹெர்ட்ஸானால் 12 சுற்று முழுதாக அடங்கிவிடும். காரணம் இதுதானா என்று உறுதிசெய்ய, விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் பாருங்கள். குதிப்பு அடங்கினால் குற்றவாளி விளக்குதான்.

இனி வெயில் விஷயம். அறையில் உங்கள் எல்டிஆர் 3 கிலோ ஓம் வாக்கில் இருக்கிறது. வெளியே அது 50, 150 ஓம் என்று இறங்கிவிடுகிறது. மேலே 10,000 ஓம் உட்கார்ந்திருக்கும்போது கீழே 50 இருந்தாலென்ன, 150 இருந்தாலென்ன? இரண்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான். 10 கிலோ ஓமுக்குப் பதில் 220 ஓம் போட்டால் அதே வெளிச்சங்கள் சுமார் 190லிருந்து 415 வரை விரியும். ஆனால் அறைக்குள் வந்ததும் எண் 950ஐ ஒட்டிப் போய்விடும். உங்களுக்கு எந்த இரண்டு வெளிச்சங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டுமோ, அவற்றில் எல்டிஆரின் தடையை மல்டிமீட்டரில் அளந்து, இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். அதற்குப் பக்கத்து மதிப்புதான் சரியான ரெசிஸ்டர். அளக்கும்போது எல்டிஆர் சர்க்யூட்டை விட்டு வெளியே இருக்கட்டும். இரவு முதல் உச்சிவெயில் வரை ஒரே சென்சர் லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) கணக்கில் சொல்ல வேண்டுமென்றால் எல்டிஆரோடு மல்லுக்கட்டாதீர்கள், விஇஎம்எல்7700 போன்ற டிஜிட்டல் சென்சரை வாங்கிவிடுங்கள்.

உங்கள் விளக்குக்கோ, என்னைக் கேட்டால் 10 கிலோ ஓமே போதும். அந்தி மங்கும் நேரத்தில் பரவலாகக் கிடைக்கும் எல்டிஆர்கள் 10, 20 கிலோ ஓம் அளவுக்கு வந்து நிற்கும், அங்கே இந்த ரெசிஸ்டர்தான் நன்றாகப் பிரித்துக் காட்டும். நண்பகல் எண் அமுங்கிக் கிடப்பதால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஒரே ஒரு எல்லை எண்ணை மட்டும் வைத்துவிடாதீர்கள், அந்தியில் விளக்கு மினுக் மினுக்கென்று அணைந்து அணைந்து எரியும். 700க்கு மேல் போனால் எரியட்டும், 550க்குக் கீழ் வந்தால் அணையட்டும், நடுவில் இருந்த நிலையிலேயே இருக்கட்டும். அப்படியும் மினுக்கினால் விளக்கின் ஒளியே எல்டிஆர் மேல் விழுகிறது. அதைச் சுற்றிக் கறுப்புக் குழாய்த் துண்டு ஒன்றை மாட்டி, முகத்தை விளக்குக்கு எதிர்ப்பக்கம் திருப்பிவிடுங்கள்.